செய்கூலியும் கைக்கூலியும்

கூலி என்பது நம் மொழியில் மிக எளிய சொல். உழைத்தவன் பெறுவது கூலி. ஆயினும் நம் இல்லங்களில் மணப்பேச்சு நடக்கும் நாட்களில் இச்சொல் இரண்டு வடிவங்களில் காதில் விழுகிறது. ஒன்று செய்கூலி, மற்றொன்று கைக்கூலி. முன்னது நகையைச் செய்த தொழிலாளிக்கு உரியது. பின்னது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் கேட்டுப் பெறுவது. முன்னதைக் குறைப்பதற்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். பின்னதைக் கொடுப்பதற்காக வீட்டையும் மனையையும் அடகு வைக்கிறோம். இந்த முரண்பாட்டைப் பற்றிச் சிறிது சிந்திக்கலாம் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன். பிறரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. குற்றம் முதலில் என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த மகளின் நிக்காஹை முன்னிட்டு நகை வாங்கத் திண்டுக்கல் கடைவீதிக்குச் சென்றேன். ஒரு பெரிய கடையின் முகப்பில் ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்திருந்தார்கள். மகிழ்ச்சியோடு உள்ளே சென்றோம். குளிர்ந்த அறை, மெத்தை இருக்கை, அருந்தக் குளிர்பானம். கணிப்பொறி அச்சிட்டுத் தந்த தொகையை ஒரு சொல்லும் மறுத்துரைக்காமல் கட்டிவிட்டு வெளியே வந்தோம்.

அன்று மாலை, அந்த நகையை வைக்கவிருந்த மர அலமாரியின் நாதாங்கியில் மாட்டுவதற்கு ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்க நாகல்நகருக்குச் சென்றேன். பட்டறையில் முதியவர் ஒருவர் அரத்தால் சாவி ஒன்றை அராவிக்கொண்டிருந்தார். பூட்டின் விலை 650 ரூபாய் என்றார். நான் 500 ரூபாய்க்குக் கேட்டேன். அவர் பூட்டை ஒருமுறை துணியால் துடைத்தார். பின்னர், “சரி பாய், எடுத்துக்கிடுங்க” என்றார். வெற்றி பெற்ற உணர்வோடு நடந்தேன். உடன் வந்த மகள் சிறிது தூரம் பேசாமல் வந்தாள். பிறகு, “அத்தா, அவரு ஒரு வார்த்தைகூடப் பேசாம ஒத்துக்கிட்டாரே, இன்னைக்கு வேற யாவாரம் ஆகலையோ என்னமோ” என்றாள். முப்பது ஆண்டுகளாக ஃபிக்ஹு நூல்களில் வணிகப் பாடத்தை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வருபவன் நான். அந்தப் பாடம் அன்று மாலைதான் எனக்குப் பாடமாயிற்று.

‘இல்லை’ என்பதன் பொருள்

செய்கூலி இல்லை என்றால் என்ன பொருள்? பொன் தானாக வளையலாகிவிடுவதில்லை. உமியோட்டின் தணலில் அதனை உருக்கி, கம்பியாக இழுத்து, சாவணத்தால் எடுத்து இணைத்து, ஊதுகுழலால் ஊதிப் பற்றவைத்து, அராவி மெருகேற்றும் வரை ஒரு மனிதனின் கண்ணும் மூச்சும் விரலும் அதில் செலவாகின்றன. இவ்வேலையில் இழக்கப்படும் பொன்துகளுக்கு ஈடாகக் கணக்கிடுவதே சேதாரம். ஆகவே செய்கூலி இல்லை என்னும் அறிவிப்புக்கு மூன்று பொருள்களே இருத்தல் கூடும். அக்கூலி வேறொரு பெயரில் விலைக்குள் மறைந்திருக்கலாம். அல்லது மனிதக் கையின்றி இயந்திரம் வார்த்த நகையாக அது இருக்கலாம். அல்லது செய்தவனுக்குரிய கூலி நசுக்கப்பட்டிருக்கலாம். முதல் இரண்டும் வணிக முறைகள். மூன்றாவது அநீதி. வாங்கும் நாம் இம்மூன்றில் எது என்று கேட்பதே இல்லை. ‘இல்லை’ என்ற சொல் நம் காதுக்கு இனிமையாக இருக்கிறது, அத்துடன் நின்றுவிடுகிறோம்.

பொற்கொல்லர் வாழ்வு சரிந்த வரலாறு நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1962 ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் காலத்தில், 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்யத் தடை ஏற்பட்டது. நாடெங்கும் பத்தர்களின் பட்டறைகளில் தணல் அணைந்தது. வறுமை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. 1968 இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1990 இல் அச்சட்டமும் நீக்கப்பட்டது. ஆனால் சட்டம் நீங்கிய பின்னர் வந்தவை பெருங்கடைகளும் வார்ப்பு இயந்திரங்களும். முன்பு குடும்பத்துக்கென்று ஒரு பத்தர் இருந்தார். பாட்டிக்குக் காதணி செய்தவரே பேத்திக்கும் செய்தார். அவர் பெயர் நமக்குத் தெரியும். நம் வீட்டு நல்லது கெட்டது அவருக்குத் தெரியும். இன்று நகையைச் செய்தவர் யார் என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் வினவுவதில்லை.

நாகல்நகர்ப் பட்டறை

நம் திண்டுக்கல் சமவெளி வானம் பார்த்த பூமி. உழவு பொய்க்கும் ஆண்டுகளில் கைத்தொழிலே இங்குச் சோறு போட்டது. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலையும், நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி ஆகிய இடங்களில் பூட்டும் அவ்வாறு வளர்ந்தவை. நம் ஊர்ப் பூட்டின் சிறப்பு, அதன் உள்ளே இருக்கும் லிவர் எனப்படும் தகடுகளில் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் வெட்டி, அராவி, ஒரே ஒரு சாவிக்கு இணங்கும்படி பொருத்துகிறார்கள். கோயில்களும் கிடங்குகளும் அலுவலகங்களும் இப்பூட்டை நம்பி உறங்கிய காலம் உண்டு. அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வந்து குவியத் தொடங்கியபின் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. பூட்டுக்காரரின் மகன் பூட்டுத் தொழிலுக்கு வர விரும்புவதில்லை.

2019 ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளுக்கும் அத்தகைய குறியீடு உண்டு. மகிழத்தக்க செய்திகளே. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அக்குறியீடு பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது. பிற ஊரில் செய்த பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று விற்பதை அது தடுக்கும். திண்டுக்கல்லிலேயே செய்தவரிடம் 650 ரூபாய்ப் பூட்டை 500 ரூபாய்க்குக் கேட்கும் என்னைப் போன்றவனை அது தடுக்காது. அதனைத் தடுக்க வேண்டியது வேறொன்று.

மார்க்கம் கூலியைக் காட்டித் தருகிறது

கைத்தொழிலாளியை நம் மார்க்கம் எவ்விடத்தில் வைத்துப் பார்க்கிறது? இரும்பை இளக்கி வசமாக்கித் தரப்பட்ட நபி தாவூது (அலை) அவர்கள் போர்க்கவசம் செய்தார்கள் என்று திருமறை கூறுகிறது. தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்பதை விளக்க, நம் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டியதும் அந்த நபியைத்தான். கையில் கரி படிந்த கொல்லனை ஏளனமாகப் பார்ப்பவர் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மக்காவில் கப்பாப் இப்னு அல்அரத் (ரலி) என்னும் நபித்தோழர் கொல்லராக இருந்தார்கள். அவர்கள் செய்து கொடுத்த வேலைக்குரிய பணத்தை ஆஸ் இப்னு வாயில் என்னும் செல்வன் கொடுக்கவில்லை. கேட்கச் சென்றபோது, முஹம்மதை மறுத்தாலன்றித் தர இயலாது என்றான். நீ இறந்து மீண்டும் எழுப்பப்படும் வரையிலும் மறுக்க மாட்டேன் என்றார்கள் கப்பாப். அப்படியாயின் மறுமையில் எனக்குச் செல்வமும் மக்களும் கிடைக்கும்போது உன் கணக்கைத் தீர்க்கிறேன் என்று அவன் நகைத்தான். இந்நிகழ்ச்சியை ஒட்டியே சூரா மர்யமின் சில வசனங்கள் அருளப்பெற்றன என்பது ஸஹீஹான அறிவிப்பு. ஒரு கொல்லரின் கொடுபடாத கூலிக்கணக்கு இறைமறை இறங்கும் சூழலாயிற்று. மறுமை நாளில் அல்லாஹ்வே எதிர்வழக்காடும் மூவருள், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனும் ஒருவன் என்னும் ஹதீஸையும் இத்துடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பொன் விற்பனையில் ஷரீஅத் காட்டும் நுட்பம் இன்னும் வியப்பானது. பொன்னுக்குப் பொன் மாற்றும்போது எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும், மிகுதி வட்டியாகும். பொற்கொல்லர் ஒருவர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் வந்து, தாம் செய்த நகையை அதன் எடைக்கு மேற்பட்ட பொன்னுக்கு விற்று, மிகுதியைத் தம் கைவேலைக்கு ஈடாகக் கொள்ளலாமா என்று வினவினார். கூடாது என்றே அவர்கள் விடையளித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு, கைவேலைக்கு மார்க்கம் மதிப்பளிக்கவில்லையோ என்ற ஐயம் எழலாம். அவ்வாறன்று. கூலியைப் பொன்னுக்குள் ஒளித்து வைக்காதே என்பதே இதன் கருத்து. உன் பொன்னைக் கொடுத்து நகை செய்யச் சொன்னால், கூலியைத் தனியாகப் பேசித் தனியாகக் கொடு. பழைய நகையை மாற்ற விரும்பினால், முதலில் அதனைப் பணத்துக்கு விற்றுக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு புதியதை வாங்கு. இதுவே நம் உலமாக்கள் காட்டும் வழி. பொருளின் விலை வேறு, உழைப்பின் விலை வேறு என்று இரண்டையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்து வைக்கிறது மார்க்கம். நாமோ, செய்கூலி கண்ணில் படாத கடையைத் தேடிப் போகிறோம்.

சம்மதம் என்பது எது?

இங்கு ஒரு வினா எழும். பூட்டுக்காரர் சம்மதித்துத்தானே கொடுத்தார்? இரு தரப்பும் இசைந்து செய்யும் வணிகம் ஆகுமானது என்று திருமறையே கூறும்போது 500 ரூபாய்க்கு வாங்கியதில் என்ன குற்றம்?

ஃபிக்ஹின்படி அவ்வணிகம் செல்லும். காஜியிடம் வழக்குப் போனாலும் எனக்கே தீர்ப்பாகும். ஆனால் வெளியே தெரியும் சொல்லைக் கொண்டு தீர்ப்பளிப்பவர் காஜி. உள்ளே இருந்த நெருக்கடியை அறிந்தவன் அல்லாஹ். நெருக்கடிக்கு ஆளானவனிடம் வணிகம் செய்வதைத் தடுத்து அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை வல்லார் குறை கண்டுள்ளனர். எனவே அதனை மட்டும் கொண்டு ஹராம் என்று நான் கூறத் துணியேன். ஆயினும் பசியால் தலையசைப்பதும் மனநிறைவால் தலையசைப்பதும் ஒன்றல்ல என்பதை உணர நமக்கு நெடிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) என்னும் துணி வணிகரின் வரலாற்றைக் கூறுகிறார்கள். அவர் தொழுகைக்குச் சென்றிருந்தபோது, 200 திர்ஹம் பெறும் ஆடையை அவருடைய உடன்பிறந்தார் மகன் ஒரு கிராமவாசிக்கு 400 திர்ஹத்துக்கு விற்றுவிட்டான். திரும்பும் வழியில் அந்த மனிதரையே கண்ட யூனுஸ், மிகுதியைத் திருப்பித் தர முனைந்தார். எங்கள் ஊரில் இது 500 பெறும், நான் மனம் ஒப்பியே வாங்கினேன் என்றார் அவர். ஆயினும் யூனுஸ் அவரை மீண்டும் கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹத்தைக் கொடுத்தே அனுப்பினார். மற்றவன் சம்மதித்தான் என்பது அவருக்குப் போதுமான விடையாகத் தோன்றவில்லை. விற்பவர் அன்று காட்டிய பேணுதலை வாங்குபவர் இன்று காட்டலாகாதா?

அதே நூலில் இமாம் அவர்கள் வாங்குவோருக்கும் ஓர் அளவுகோல் தருகிறார்கள். எளியவரிடமோ ஏழையிடமோ வாங்கும்போது விலை சற்று மிகுந்தாலும் பொறுத்துக்கொள்வது இஹ்ஸான் என்னும் நற்செயலாகும். தேவைக்கு மேல் இலாபம் தேடும் செல்வ வணிகரிடம் மிகுதியாகக் கொடுத்து ஏமாறுவதோ போற்றத் தக்கதன்று. அது பொருளை வீணாக்குவதேயாகும். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கருத்து, அன்று கடைவீதியில் நான் செய்ததைத் தலைகீழாகப் புரட்டிக் காட்டுகிறது. குளிர்ந்த அறையில் வாய் திறவாத நான், கரி படிந்த பட்டறையில் வாதாடினேன்.

தருமம் அன்று

இவ்வாறு கூறுவதால், கைத்தொழிலாளிக்கு இரக்கப்பட்டுப் பொருள் வாங்க வேண்டும் என்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. பூட்டு பழுதாயிருந்தால் வாங்க வேண்டியதில்லை. நகையில் மாற்றுக் குறைந்திருந்தால் கேட்டே ஆக வேண்டும். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்து ஒரு சூராவே உள்ளது. அது தொழிலாளிக்கும் பொருந்தும். அன்றாடக் கூலி வாங்கும் ஒருவர், தம் குடிசைக் கதவுக்கு மலிவான இயந்திரப் பூட்டை வாங்கினால் அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. அழிந்துவரும் ஒவ்வொரு தொழிலையும் தாங்கி நிறுத்தும் கடமை ஒரு தனிமனிதன் மீது இல்லை.

ஆனால் ஒருவனுடைய கைவேலையை விரும்பி, அதன் உறுதிக்காகவும் அழகுக்காகவும் அதனைத் தேடிச் சென்ற பின், அதற்குரிய கூலி நம்மீது ஹக்காகிவிடுகிறது. அதனைக் கொடுப்பது ஸதகா அன்று. ஸக்காத்தில் கழித்துக்கொள்ளத் தக்கதும் அன்று. நன்றி எதிர்பார்ப்பதற்கும் அதில் இடமில்லை. தருமம் வாங்குபவன் தலை குனிகிறான். கூலி வாங்குபவன் நிமிர்ந்து நிற்கிறான். தொழிலாளர் குடும்பம் வாழ்வதும், அவன் மகன் அத்தொழிலைக் கற்க விரும்புவதும் அந்த நிமிர்வினால்தான். நம் மதரஸா ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். சம்பளத்தை உயர்த்தக் கேட்டால், ஹஜ்ரத்துக்கு நாங்கள் துஆச் செய்கிறோம் என்று விடை பெற்றவர்கள் நம்மில் பலர்.

மேனாடுகளிலும் இச்சிந்தனை எழுந்திருக்கிறது. ஜாவாத் தீவின் குடியானவர்கள் டச்சு ஆட்சியில் பட்ட துயரை, அங்கு அதிகாரியாக இருந்த ஒருவரே 1860 இல் மாக்ஸ் ஹவெலார் என்னும் புதினமாக எழுதினார். அப்புதினத்தின் பெயரையே முத்திரையாகக் கொண்டு 1988 இல் நெதர்லாந்தில் நியாய வணிகக் காப்பி விற்பனைக்கு வந்தது. விளைவித்தவருக்கு உரிய விலை சேர்ந்துள்ளது என்பதற்கு அம்முத்திரை அடையாளம். பின்னர் இம்முறை பல பொருள்களுக்கும் பரவியது. கைவினை நகைகளும் இன்று அம்முறையில் விற்கப்படுகின்றன. கடல் கடந்து வாங்குவோருக்குச் செய்தவரின் முகம் தெரியாது. ஆகவே முத்திரை வேண்டியிருக்கிறது. நமக்கோ நாகல்நகர் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. கேட்டால் பத்தர் வீடு இருக்கும் தெருவையும் காட்டுவார்கள். செய்தவர் யார் என்று கேட்பது, செய்யச் சொல்லும்போது முன்பணம் கொடுப்பது, கூலியைத் தனியே பேசி வியர்வை உலருமுன் கொடுப்பது, பழுதானதை அவரிடமே செப்பனிடக் கொடுப்பது. இவற்றுக்கு முத்திரை எதுவும் தேவையில்லை.

கைக்கூலி

கையில் பணம் இல்லையே, எப்படிக் கூலியைக் குறைக்காமல் கொடுப்பது என்று பெண்ணைப் பெற்றவர் கேட்பார். அவர் கேட்பது நியாயமே. பணம் ஏன் இல்லை என்பதையும் அவரே அறிவார். கைக்கூலிக்கும், இத்தனை பவுன் என்று பேசப்பட்ட கணக்குக்கும் அது போய்விடுகிறது. பவுன் எண்ணிக்கையே பேச்சான பிறகு வேலைப்பாட்டைப் பார்ப்பவர் யார்? எடை மிகுந்து கூலி குறைந்த நகையையே தந்தை தேடுகிறார். ஆகவே பத்தரின் தணல் அணைந்ததற்கு இயந்திரம் மட்டும் காரணமன்று. நம் மணப்பேச்சும் ஒரு காரணம்.

நபி மூஸா (அலை) அவர்கள் மத்யனில் மணம் புரிவதற்காக எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள், உழைக்க இசைந்தார்கள். ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் தம் வலீமா விருந்துச் செலவுக்காக இத்கிர் புல்லைக் கொண்டுவந்து பொற்கொல்லர்களுக்கு விற்க ஏற்பாடு செய்தார்கள். அதற்குத் துணையாக உடன்வர இசைந்தவரும் கைனுகா கோத்திரத்துப் பொற்கொல்லர் ஒருவரே. புகாரியில் பொற்கொல்லர் பற்றிய பாடத்தில் இச்செய்தி உள்ளது. அங்கே மணமகன் உழைத்தான். இங்கே மணமகன் உழைக்காமல் கூலி பெறுகிறான். உழைத்தவன் கூலி பெறாமல் நிற்கிறான். கைக்கூலியை நிறுத்தினால் செய்கூலியைக் கொடுக்க இயலும். மஹல்லா ஜமாஅத்துகள் இவ்விரண்டையும் ஒரே செய்தியாக எடுத்துப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சில வாரங்கள் கழித்து 150 ரூபாயுடன் அந்தப் பட்டறைக்குப் போனேன். முதியவருக்கு என்னை நினைவிருந்தது. “முடிஞ்ச யாவாரம் பாய், அதுக்கு எதுக்குப் பணம்?” என்று கையை விலக்கிக்கொண்டார். மதரஸாவின் முன்கதவுக்கு ஒரு பூட்டுச் செய்யச் சொன்னேன். விலை சொன்னார், அதையே கொடுத்தேன். பத்து நாட்களில் பூட்டு வந்தது. இன்றும் அக்கதவில் இருக்கிறது. முன்பு குறைத்த தொகை அதனால் ஈடாயிற்றா என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். வணிகச் சட்டப்படி ஈடு செய்ய எதுவுமே இல்லை என்றேன். அவன் அந்த விடையில் நிறைவடையவில்லை. நானும் நிறைவடையவில்லை.